கோணல் கோட்டைக் கண்டு பயந்த கனவான்கள்

கணித உலகத்தின் பெரிய கலவரங்கள் பலவும் சத்தமில்லாமல்தான் தொடங்கியிருக்கின்றன. 1872 ஜூலை 18 அன்று பெர்லின் அறிவியல் கழகத்தில் தொடங்கிய கலவரத்துக்குக் காரணம் கார்ல் வையர்ஸ்ட்ராஸ் என்ற பெரியவர், அவர் கையிலிருந்த ஒரே ஒரு கோடு.

வையர்ஸ்ட்ராஸின் பூர்வாசிரமம் அப்படியொன்றும் பயபக்திக்குரியதல்ல. சட்டமும் நிதி நிர்வாகமும் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போகட்டும் என்று அப்பா அவரைப் பான் பல்கலைக்கழகத்தில் சேர்த்தார். பையன் நாலு வருஷம் பீரும் வாள்சண்டையும் பயின்றுவிட்டு, பட்டம் வாங்காமல் ஊர் திரும்பினான். பிறகு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் வேலை. கணக்கோடு கையெழுத்துப் பயிற்சியையும் தேகப்பயிற்சியையும் சேர்த்து அவர் தலையில் கட்டினார்கள். பிள்ளைகளின் கையெழுத்தை வருஷக்கணக்கில் பார்த்த மனிதருக்குக் கோணல் கோடு என்றால் கூச்சம் விட்டுப்போயிருக்கும் என்பது என் ஊகம்.

அன்றைக்கு அவர் சொன்ன கோடு எங்கேயும் அறுபடாது. ஆனால் அதன் மேல் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரைய முடியாது. பிளஸ் டூ பாஷையில், தொடர்ச்சி உண்டு, வகைக்கெழு கிடையாது. அதுவரை எல்லோரும் நம்பிவந்தது வேறு. எந்த வளைவையும் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கடைசியில் நேர்கோடாகப் பணிந்துவிடும். அங்கங்கே ஒன்றிரண்டு முனை துருத்திக்கொண்டிருந்தால் மன்னித்துவிடலாம். இந்தக் கோடோ பெரிதாக்கினால் பல்லைக் காட்டியது. இன்னும் பெரிதாக்கினால் பல்லுக்குள் பல். அதற்குள்ளும் பல்.

இத்தனைக்கும் இது முதல் கோணல் அல்ல. பிராக் நகரத்துப் பாதிரியார் பெர்னார்ட் போல்சானோ சுமார் நாற்பது வருஷம் முன்பே இப்படி ஒன்றைச் செய்து வைத்திருந்தார். யுத்தம் கூடாது, சமத்துவம் வேண்டும் என்றெல்லாம் பிரசங்கம் செய்ததற்காக 1819இலேயே அவருடைய பேராசிரியர் பதவியைப் பிடுங்கிவிட்டார்கள். அவருடைய காகிதக் கட்டைப் பிரித்துப் பார்க்க உலகம் 1920கள்வரை எடுத்துக்கொண்டது.

பாரிஸில் சார்ல் எர்மீத் என்ற கணித மேதை இருந்தார். வகைக்கெழு இல்லாத இந்தச் சாபக்கேட்டைக் கண்டு தாம் பயத்தோடும் அருவருப்போடும் முகத்தைத் திருப்பிக்கொள்வதாக 1893இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். அவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே மரம் இருந்திருக்கும், மேகம் இருந்திருக்கும். அவற்றின் விளிம்பு எதுவும் தொடுகோட்டுக்கு அடங்குகிற ஜாதி இல்லை. மனிதர் முகத்தை எந்தப் பக்கம் திருப்பினாரோ!

இன்னொரு பெரிய மனிதர் ஆன்ரி புவான்கரே. முன்னோர்களின் தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதற்கென்றே இந்தப் பிராணிகளைப் பெற்றெடுக்கிறார்கள் என்று அங்கலாய்த்தார். அதே புவான்கரேதான் கிரகங்களின் சுற்றுப்பாதையை ஆராயப்போய், வையர்ஸ்ட்ராஸ் கோட்டைவிட மோசமான ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டார். அதை வரைந்து காட்டக்கூடத் தாம் முயலப்போவதில்லை என்று 1899இல் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். அடுத்தவர் பிள்ளை என்றால் அரக்கன்; தன் பிள்ளை என்றால் போட்டோ எடுக்காமல் விட்டுவிடுவது.

அரக்கர்கள் பெருகத் தொடங்கினார்கள். 1883இல் கேயார்க் கேன்டர் ஒரு கோட்டை எடுத்து, நடுவில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி எறிந்தார். மிஞ்சிய இரண்டு துண்டிலும் நடுப்பங்கை வெட்டினார். நாலிலும் வெட்டினார். இப்படியே முடிவில்லாமல். வக்கீலிடம் போன பாகப்பிரிவினை வழக்கு மாதிரி: ஒவ்வொரு வாய்தாவிலும் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகும், கடைசியில் நிலம் பூஜ்யம், பங்காளிகள் மட்டும் முதல் நாள் இருந்த அதே எண்ணிக்கை. கேன்டரின் கோட்டிலும் மிஞ்சிய நீளம் பூஜ்யம். மிஞ்சிய புள்ளிகளோ முழுக் கோட்டில் எத்தனையோ அத்தனை. பெர்லினில் செல்வாக்காக இருந்த கணிதர் க்ரோனெக்கருக்கு இது இளைஞர்களைக் கெடுக்கிற வேலையாகப் பட்டது. சண்டை முற்றி, கேன்டரின் மனநிலையும் குலைந்து, பிற்காலத்தில் அவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது பிரான்சிஸ் பேக்கன்தான் என்று நிரூபிக்கக் கிளம்பினார். முடிவிலியைவிட அது சுலபம் என்று நினைத்திருக்கலாம்.

1890இல் இத்தாலியின் ஜுஸெப்பே பியானோ இன்னும் துணிந்தார். கோடு என்றால் அகலம் இல்லாதது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களல்லவா? அவருடைய கோடு வளைந்து வளைந்து ஒரு சதுரம் முழுவதையும் ஒரு புள்ளி விடாமல் நிரப்பியது. இதில் பெருமை தாங்காமல் அந்தக் கோலத்தைத் தன் வீட்டு மாடித் தளத்தில் ஓடு பதித்தே போட்டுக்கொண்டார்.

கோலம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். 1970களில் தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் கூட்டாளிகளும் நம் வாசல் கோலங்களுக்குக் கணினி இலக்கணம் எழுதினார்கள். பிறகு கனடாவில் பிருஷின்கீவிச் என்ற கணினி விஞ்ஞானி, ஒரே விதியைத் திரும்பத் திரும்பப் போட்டுச் சில கோலங்களை வளரவிட்டுக் காட்டினார். அவர் கணினித் திரையில் செடிகளை வளர்த்ததும் அதே முறையில்தான். பியானோவின் கோட்டுக்குத் தாயாதி முறை வேண்டுகிற கோலங்களும் அவற்றில் உண்டு. மார்கழி விடியலில் அரிசி மாவோடு குனிந்த எந்தப் பெண்ணும் அதைக் கண்டு பயத்தோடும் அருவருப்போடும் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகத் தகவல் இல்லை.

1904இல் ஸ்வீடனின் ஹெல்கே வான் கோக், வையர்ஸ்ட்ராஸின் கோடு வெறும் சூத்திரமாக இருக்கிறதே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்று வேண்டாமா என்று முனைந்தார். சமபக்க முக்கோணம். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு குட்டி முக்கோணம். அதன் பக்கங்களில் இன்னும் குட்டி. முடிவில் கிடைப்பது ஒரு பனித்திவலை. அதன் சுற்றளவு முடிவிலி. பரப்போ ஆரம்ப முக்கோணத்தின் 8/5 பங்குதான். வேலி போடக் காசு பத்தாது, உள்ளே வெள்ளாமை செய்ய இடமும் பெரிதாக இல்லை.

இவ்வளவும் பொழுதுபோக்குச் சண்டை. அடுத்தது நிஜ யுத்தத்தில் நடந்தது. காஸ்தோன் ஜூலியா அல்ஜீரியாவில் பிறந்த பிரெஞ்சுக்காரர். 1915 ஜனவரியில் போர்முனையில் முகத்தில் குண்டு பட்டு மூக்கை இழந்தார். அறுவை மேல் அறுவை, ஒன்றும் பலிக்கவில்லை. ஆயுள் முழுக்க முகத்தின் குறுக்கே ஒரு தோல்பட்டியோடு நடமாடினார். அறுவைகளுக்கு நடுவே படுக்கையிலிருந்தே கணக்குப் போட்டு, 25 வயதில் 199 பக்கக் கட்டுரை எழுதி, 1918இல் பிரெஞ்சு அறிவியல் அகாதெமியின் பெரும் பரிசை வாங்கினார். தன்னைப் பராமரித்த தாதிகளில் ஒருவரையே கல்யாணமும் செய்துகொண்டார். உடம்பு சௌகரியமாக இருக்கும்போதே கடிதத்துக்குப் பதில் போடாத என் போன்றவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம்.

அதே கணக்கைப் பாரிஸ் வானாய்வகத்தில் பியர் ஃபாத்து என்ற சாது தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார். 1917 டிசம்பரில் அவர் தம் முடிவுகளை அச்சில் விட, ஜூலியா கொதித்தெழுந்து, நான் முன்பே முத்திரையிட்ட உறைகளில் எழுதி அகாதெமியிடம் கொடுத்திருக்கிறேன், பிரித்துப் பாருங்கள் என்றார். பிரித்தார்கள். ஜூலியா சொன்னதுதான் சரி என்றார்கள். ஃபாத்து பரிசுப் போட்டிக்கே போகவில்லை. சண்டை இதுதான்: ஒரு கலப்பெண்ணை எடு, வர்க்கப்படுத்து, ஒரு மாறிலியைக் கூட்டு, வந்ததை மறுபடி வர்க்கப்படுத்து, கூட்டு. எந்த எண்கள் ஓடிப்போகின்றன, எவை வீட்டோடு தங்குகின்றன? இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லைதான் விவகாரம். அதை வரைய லட்சக்கணக்கில் பெருக்க வேண்டும். கையால் ஆகாது. ஆக, இருவரும் எந்த உருவத்துக்காக அடித்துக்கொண்டார்களோ, அதன் முழு முகத்தை அன்றைக்கு இருவருமே பார்த்ததில்லை.

இதுவரை வந்தவர்கள் எல்லோரும் கோணலைத் தேடிப்போய்ப் பயந்தவர்கள், அல்லது கோணலைச் செய்துவிட்டு அடி வாங்கியவர்கள். இனி வருகிறவர் வேறு எதையோ தேடப்போய் இதை மிதித்தவர். இந்தக் கதையில் என் அபிமான நாயகன் இவர்தான்.

லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், 1881இல் நியூகாஸிலில் பிறந்த ஆங்கிலேயர். குவேக்கர் சமயத்தவர், அதனால் துப்பாக்கி தொடமாட்டார். 1912இல் டைட்டானிக் மூழ்கியதும், பனிப்பாறையை எதிரொலியால் கண்டுபிடிக்கலாமே என்று தோன்றியது. ஒயிட் தீவுக்கு விடுமுறைக்குப் போன இடத்தில் மனைவி துடுப்புப் போட, இவர் தோணியில் உட்கார்ந்து விசில் ஊதி, காதுக்குப் பின்னால் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எதிரொலி கேட்டார். கரையிலிருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ, மனிதர் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார்.

முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படையோடு ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில் வைக்கோல் குவியல் மேல் உட்கார்ந்து, 1910 மே 20ஆம் தேதியின் வானிலையைக் கணக்குப் போட்டார். என்றைக்கோ முடிந்துபோன ஒரு நாளின் ஆறு மணி நேரத்துக்கு முன்னறிவிப்பு. போட்டு முடிக்கப் பிடித்தது சுமார் ஆறு வாரம். விடை: காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும். நிஜத்தில் பாரோமீட்டர் அன்றைக்கு ஏறக்குறைய அசையவே இல்லை. இதற்கு நடுவில் அந்தக் கையெழுத்துப் பிரதி போர்க்களத்தில் தொலைந்து, பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. வேறொருவர் என்றால் அதை நிலக்கரியோடு சேர்த்தே எரித்திருப்பார். ரிச்சர்ட்சன் தப்பான விடையையும் மறைக்காமல் 1922இல் புத்தகமாகப் போட்டார். கூடவே ஒரு யோசனை: ஒரு பெரிய அரங்கத்தில் 64,000 பேரை உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னால் வானிலை ஓடுகிற வேகத்துக்கு நாமும் ஓடலாம். இன்றைக்கு அந்த 64,000 பேருடைய வேலையைச் சிலிக்கான் செய்கிறது. சூத்திரம் மட்டும் அவர் போட்ட வழி.

வானிலை அலுவலகத்தை விமானப்படை அமைச்சகத்தோடு இணைத்ததும் 1920இல் வேலையை உதறினார். பிறகு சண்டைகளை எண்ணத் தொடங்கினார். 1820இலிருந்து உலகத்தில் உயிரைக் குடித்த சண்டைகள் எல்லாவற்றுக்கும் நிலநடுக்கம் அளக்கிற பாணியில் மதிப்பெண் கொடுத்தார். ஒரு ஆள் செத்த கொலை பூஜ்யம், உலகப்போர் ஏழு. நடுவில், 1948இல், ஸ்காட்லாந்துக் கடல்நீரில் பார்ஸ்னிப் கிழங்குத் துண்டுகளை ஜோடி ஜோடியாக எறிந்து, எப்படி விலகிப் போகின்றன என்று இன்னொரு விஞ்ஞானியோடு அளந்தார். கிழங்கு ஏன் என்றால், வெள்ளையாகத் தெரியும், கிட்டத்தட்ட முழுக்க முங்கி மிதப்பதால் காற்று தள்ளாது. உயர்தர ஆராய்ச்சி இதழில் அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே கிழங்கு வந்துவிடுகிறது.

யுத்தத்துக்கும் எல்லைக் கோட்டின் நீளத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்பது அவருடைய அடுத்த கேள்வி. எல்லை நீளங்களைப் புத்தகங்களில் தேடினார். தங்கள் பொது எல்லை 987 கிலோமீட்டர் என்கிறது ஸ்பெயின். அதே எல்லையை 1,214 என்கிறது போர்ச்சுகல். நெதர்லாந்து தன் பெல்ஜிய எல்லையை 380 என்கிறது. பெல்ஜியம் 449 என்கிறது. நூற்றாண்டுக் கணக்கில் ராஜாக்கள் தலை தலையாக வெட்டிக்கொண்டது இந்தக் கோடுகளுக்காக. கோடு எவ்வளவு நீளம் என்பதில் மட்டும் யாருக்கும் ஒற்றுமை இல்லை. சின்ன நாடு சின்ன அளவுகோலால் பொறுமையாக அளந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்; இருப்பது கொஞ்சம், அதையாவது நன்றாக அளப்போமே என்று.

ரிச்சர்ட்சன் கவராயத்தை எடுத்துக்கொண்டு வரைபடத்தின் மேல் நடந்தார். அகலமாகக் கால் வைத்தால் வளைவு நெளிவுகளைத் தாண்டிப் போய்விடுகிறோம், நீளம் குறைகிறது. காலைக் குறுக்கினால் ஒவ்வொரு வளைகுடாவிலும் இறங்கி ஏற வேண்டியிருக்கிறது, நீளம் கூடுகிறது. கூடுவது ஒரு கட்டத்தில் நிற்கும் என்றுதானே நினைப்போம்? அவர் அளந்த அளவுக்கு நிற்கிற அறிகுறியே இல்லை. அதுவும் ஒரே விகிதத்தில் ஒழுங்காகக் கூடிக்கொண்டே போகிறது. மனிதர் 1953இல் காலமானார். இந்தத் தகவல் 1961இல், யாரும் புரட்டாத ஒரு ஆண்டுமலரில், யுத்தம் பற்றிய கட்டுரைக்குப் பிற்சேர்க்கையாக வெளிவந்தது.

புரட்டிய ஒருவர் பென்வா மாண்டல்பிராட். வார்சாவில் 1924இல் பிறந்து, 1936இல் குடும்பத்தோடு பாரிஸுக்கு வந்து, நாஜிகள் காலத்தில் யூதர் என்பதால் மத்திய பிரான்சில் ஒளிந்து வாழ்ந்தவர். படமே போடாமல் கணிதம் எழுதுவதை விரதமாகக் கொண்ட பூர்பாக்கி என்ற கோஷ்டி அப்போது பிரான்சில் ராஜ்யம் செய்தது. மாண்டல்பிராட்டின் சித்தப்பாவே அதில் ஆரம்பகால உறுப்பினர். பையனுக்கோ எந்தச் சமன்பாட்டைப் பார்த்தாலும் படமாகத்தான் தெரியும். நாட்டின் பெருமைமிக்க எக்கோல் நார்மாலில் இடம் கிடைத்தும் சேர்ந்த வேகத்தில் விட்டுவிட்டு எக்கோல் பொலிதெக்னீக்குக்குத் தாவினார். அங்கே அவருடைய ஆசிரியர்களில் ஒருவர் தோல்பட்டி அணிந்த ஜூலியா. ஜூலியாவின் கட்டுரையைப் படி என்று சித்தப்பா கொடுத்தார். பிடிக்கவில்லை என்று வைத்துவிட்டார்.

1958இல் ஐபிஎம் கம்பெனியில் சேர்ந்தார். தொலைபேசிக் கம்பியில் கணினித் தகவல் அனுப்பினால் இரைச்சல் புகுந்து கெடுக்கிறது என்று பொறியாளர்கள் புலம்பினார்கள். மாண்டல்பிராட் பார்த்தார்: இரைச்சல் கொத்துக் கொத்தாக வருகிறது, கொத்துக்குள் அமைதி, அமைதிக்கு இரு பக்கமும் சின்னக் கொத்து, அதற்குள்ளும் அதே கதை. க்ரோனெக்கரை எரிச்சலூட்டிய கேன்டரின் அதே அரக்கன் டெலிபோனில் குடியிருந்தான். இவனை விரட்ட முடியாது, தகவலைத் திருப்பி அனுப்பிச் சரிபார்த்துக்கொண்டு வாழப் பழகுங்கள் என்றார்.

1967இல் சயன்ஸ் இதழில், ரிச்சர்ட்சனின் அந்தப் பிற்சேர்க்கையை வைத்து, பிரிட்டனின் கடற்கரை நீளம் எவ்வளவு என்று தலைப்பிலேயே கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். பதில் சொல்லாமல் புகழ் வாங்கிய கட்டுரைகளில் அதற்கு முதலிடம். 200 கிலோமீட்டர் கோலால் அளந்தால் சுமார் 2,400 கிலோமீட்டர். 50 கிலோமீட்டர் கோலால் அளந்தால் சுமார் 3,400. ஆகவே நீளத்தைக் கேட்காதே, எவ்வளவு கோணல் என்று கேள். அந்தக் கோணலுக்கு அளவு பரிமாணம்: நேர்கோட்டுக்கு 1, தளத்துக்கு 2. பிரிட்டனின் மேற்குக் கரைக்கு 1.25. தென்னாப்பிரிக்காவின் வழவழப்பான கரைக்கு 1.02. கோக்கின் பனித்திவலை விளிம்புக்கு 1.26. அரக்கனும் பிரிட்டிஷ் கரையும் ஏறக்குறைய ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1975இல் இந்தக் குடும்பத்துக்கு ஃபிராக்டல் என்று பெயர் வைத்தார். தம் பெயருக்கும் நடுவில் 'பி' என்று ஒரு எழுத்தை வைத்துக்கொண்டார். அதற்கு விரிவு கிடையாது.

1980இல், வேண்டாம் என்று வைத்த ஜூலியாவின் கணக்கை ஐபிஎம் கணினியிடம் கொடுத்தார். காகிதத்தில் உருண்டை உருண்டையாக வண்டு மாதிரி ஒன்று வந்தது. உடம்பெல்லாம் குட்டி வண்டுகள். அதுதான் பிற்காலத்தில் டீ சட்டை, காலண்டர், காபிக் கோப்பை எல்லாவற்றிலும் ஏறிய மாண்டல்பிராட் கணம். அது தனித்தனித் தீவுகள் என்று அவர் முதலில் நினைத்தார். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியதுதான் என்று துவாதி, ஹபர்ட் என்ற இரு கணிதர்கள் நிரூபித்து, அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். ப்ரூக்ஸ், மட்டெல்ஸ்கி என்ற இருவர் 1978இலேயே அதை நட்சத்திரக் குறிகளால் அச்சடித்திருந்தார்கள் என்று பின்னாளில் தகராறு வந்தது. முத்திரையிட்ட உறை கொடுத்து வைக்கவில்லை, பாவம். ஜூலியா 1978இல் காலமாகிவிட்டார்.

அதன் பிறகு எங்கே பார்த்தாலும் ஃபிராக்டல். காலிஃபிளவரில் ஒரு பூவை ஒடித்தால் அது ஒரு குட்டிக் காலிஃபிளவர். நுரையீரல் மூச்சுக்குழாய் இருபத்துமூன்று தலைமுறை கிளைத்துச் சுமார் 70 சதுர மீட்டரை நெஞ்சுக்குள் மடித்து வைத்திருக்கிறது. போயிங் கம்பெனியில் விமானத்துக்குப் பின்னால் மலை வரைய வேண்டியிருந்த லோரன் கார்பென்டர், மாண்டல்பிராட் புத்தகத்தைப் படித்து மலைகளை விளைவித்து, அந்தப் படத்தைக் காட்டியே ஹாலிவுட்டுக்குப் போய்விட்டார். பக்தர்கள் பெருகினால் அபத்தமும் பெருகும். ஃபிராக்டல் கண்டேன் என்று சொன்ன ஆய்வுகளை 1998இல் சிலர் திரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலானவை பத்து மடங்கு பெரிதாக்கலைக் கொஞ்சம் தாண்டியதும் மூச்சு வாங்கி நின்றுவிட்டன. காலிஃபிளவரும் நாலைந்து சுற்றோடு கையை விரித்துவிடும். முடிவில்லாமல் போவதெல்லாம் கோக்கின் காகிதத்தில்தான்.

நம் அரசாங்கத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. இந்தியக் கடற்கரை 7,516.6 கிலோமீட்டர் என்று தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தோம். உள்துறை அமைச்சகத்தின் 2023-24 ஆண்டறிக்கையில் அது 11,098.81 ஆகிவிட்டது. முன்பு அளந்தது 45 லட்சத்தில் ஒரு பங்கு அளவிலான வரைபடத்தில். இப்போது இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு. கால் குறுகியது, ஒவ்வொரு கழிமுகத்திலும் இறங்கி ஏறினார்கள், தீவுகளின் ஓரங்களையும் விடவில்லை. தமிழ்நாட்டுக் கரை 906.9இலிருந்து 1,068.69 ஆனது, ஒரு பிடி மணல் புதிதாக வரவில்லை. குஜராத்துக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு. எல்லோருக்கும் கூடிய நேரத்தில் புதுச்சேரிக்கு மட்டும் 47.6 என்பது 42.65 ஆகக் குறைந்தது. ரிச்சர்ட்சன் இருந்திருந்தால் நேராகப் பாண்டிச்சேரிக்குத்தான் டிக்கெட் வாங்கியிருப்பார்.

போட்டித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியக் கடற்கரையின் நீளம் என்ன என்று கேட்டு நாலு விடை கொடுத்திருப்பார்கள். 'முதலில் உங்கள் அளவுகோலைக் காட்டுங்கள்' என்ற விடை அதில் இருக்காது. விடைத்தாளில் மாண்டல்பிராட்டை இழுக்காமல், 11,098.81க்கு நேரே உள்ள வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.